மூன்றாவது கம்பியின் பள்ளம்

எலும்புதான் நல்லது. யார் வந்து கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். பித்தளை பளபளப்பாக இருக்கும், ஓசையும் கணீரென்று வரும், ஆனால் எல்லாக் கைக்கும் ஒத்துவராது. கறுப்பாக ஒரு செயற்கைப் பொருள் இருக்கிறது, பென்சில் கரி கலந்தது. கம்பி அதில் எண்ணெய் பூசினாற்போல வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் என்பது புதுக் கிட்டாரோடு கடையிலிருந்தே வருவது. நாள்பட நசுங்கும். எலும்பு அப்படியில்லை, வாசிக்க வாசிக்க மெருகேறும்.

நீங்கள் இப்போது விரலால் தொட்டுப் பார்க்கிறீர்களே, அதற்குத்தான் நட் என்று பெயர். திருகாணிக்குப் போடுகிற நட்டு வேறு, இது வேறு. கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் குறுக்கே கிடக்கிற சின்னக் கட்டை. ஆறு பள்ளம், ஆறு கம்பி. ஒவ்வொரு கம்பியும் இந்தப் பள்ளத்தில் படுத்து எழுந்துதான் கீழே போகிறது. எலெக்ட்ரிக் கிட்டார் என்றதும் எல்லாவற்றையும் மின்சாரமே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டையில் ஒரு மயிரிழை பிசகினால் போதும், எத்தனை பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் சுதி நிற்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. என் மைத்துனனுக்குக் காது கேட்குமா, கேட்காதா? கிடங்கு நிர்வாகம் கேட்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது; செவிட்டுத்தனத்தை மறைத்து வேலைக்குச் சேர்ந்தான் என்கிறார்கள். அது தவறு. அவனுக்கு நன்றாகக் கேட்கும். உங்களையும் என்னையும் விட நன்றாகக் கேட்கும். ஏன் அவனே அதை நம்பாமல் போனான் என்பதைச் சொல்ல இந்தக் கட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஸ்டூலில் பின்பக்கம் சாயாதீர்கள், ஒரு கால் குட்டை.

இந்தக் கடைக்குப் பத்தொன்பது படி. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே என் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. படியில் கால் படும் ஓசையை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். தபால்காரர் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கண்ணாடிக் கடைக்காரர் செருப்பைத் தேய்ப்பார். என் மைத்துனன் ஒரு படி விட்டு ஒரு படி தாவுவான். மற்ற நேரமெல்லாம் படி சும்மா கிடக்கும். பழுது பார்க்கிறவனிடம் யாரும் நல்ல நிலையில் இருக்கிற கிட்டாரை எடுத்துக்கொண்டு வருவதில்லை. சரியானதும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்கிறவனிடம் ஒருவன் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். நான் நன்றாக வேலை செய்கிறவன்.

மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. மைத்துனன் அவளுக்கு ஒரே தம்பி. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பத்து வயது. என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அறுந்த கம்பிகளைச் சுருட்டி விளையாடுவான். பிறகு கிட்டார் பிடித்தான், நன்றாகவே பிடித்தான். ஒல்லி உடம்பு, அவன் வாசித்த குழுவில் எல்லாரும் அவனை நூலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இருந்தவரை விடுமுறை நாள் தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். அவள் போன பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு முறை. பிறகு கம்பி அறுந்தால் வந்தான். அக்கா உள்ள மட்டும்தான் மச்சான் உறவு என்பார்கள். அதில் யார் மேலும் பழி இல்லை. உலக நடப்பு.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் படி தடதடத்தது. கையில் புதுக் கிட்டார், இதோ இதே கிட்டார். ஒரு பயணிகள் கப்பலின் இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். இரண்டு வருட ஒப்பந்தம், பிடித்துப்போனால் நீட்டிப்பார்கள். மூன்று வாரத்தில் தேர்வு.

"பழைய கிட்டாரை எடுத்துட்டுப் போனா அங்க சிரிப்பாங்க மாமா. அதான் இதை வாங்கிட்டேன். எல்லாம் நல்லா இருக்கு, நட்டு மட்டும்தான் பிளாஸ்டிக். எதைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க."

நான் நான்கு துண்டுகளை எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தேன். பித்தளை, கறுப்பு, எலும்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு ஒரு பிளாஸ்டிக். அவன் ஒவ்வொன்றையும் ஒரு சாண் உயரத்திலிருந்து மேசை மேல் போட்டுக் கேட்டான். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து போனது. பித்தளை மணி மாதிரி விழுந்தது. எலும்பு பீங்கான் மாதிரி. பிளாஸ்டிக் விழுந்ததே தெரியவில்லை.

"இது செத்த பொணம்," என்று அதை ஒதுக்கினான். "எலும்பா, கறுப்பா?"

"எலும்பு."

"அப்ப எலும்பே. உங்க பேச்சுக்கு மறுபேச்சு ஏது."

"போனா எப்ப வருவ மாப்ள?"

"ரெண்டு வருஷம் ஆகும் மாமா. நடுவுல லீவு குடுப்பாங்களான்னு தெரியல. போன் பண்றேன்."

"பண்ணு," என்றேன்.

தேநீர் குடித்தோம். குடித்து முடித்ததும் அவன் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். இருபது வருடத்துக்கு மேல் இந்த வீட்டில் தேநீர் குடித்திருக்கிறான், ஒரு நாளும் கோப்பையைக் கழுவியதில்லை. விருந்தாளிதான் கழுவி வைப்பான். இதை உங்களால் எழுதிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் நான் எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டால், அப்போதுதான்.

எலும்பு நட்டை மூன்று நாள் அறுத்துத் தேய்த்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்ததில்லை. ஆறு பள்ளமும் கம்பியின் பருமனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு இழுப்பறையில் வைத்தேன்.

பிறகு, அவன் ஒதுக்கிய பிளாஸ்டிக் துண்டை எடுத்து, கெட்டித் தேநீரில் ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டேன். வெள்ளைப் பிளாஸ்டிக் அதில் எலும்பின் நிறத்துக்கு வந்துவிடும். பழைய கிட்டாருக்கு நிறம் பொருந்தச் செய்வதற்காகத் தொழிலில் எல்லாரும் செய்கிற வித்தைதான், நான் கண்டுபிடித்தது அல்ல. ஐந்து பள்ளங்களைச் சரியாக வெட்டினேன். மூன்றாவது கம்பியின் பள்ளத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக விட்டேன். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. சும்மா மீட்டினால் சுதி சரியாக இருக்கும். உணர்ச்சியோடு கம்பியை வளைத்து இழுத்தால் மட்டும், இழுபட்ட கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு அந்தக் கம்பி எதோடும் சேராது. ஒட்டிவிட்ட நட்டை யாராலும் மேசையில் போட்டு ஓசை பார்க்க முடியாது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் வந்து வாங்கிக்கொண்டான். அதற்கு முன் அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். பென்சில் கரி பட்டால் கம்பி கொஞ்ச நாள் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு நாள் என்பது வாசிப்பைப் பொறுத்தது. அவன் வாசிப்புக்கு ஒரு வாரம், பத்து நாள். இங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தான். "தேன் மாதிரி இருக்கு மாமா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

தேர்வில் அவனை எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டில் சுதி கலைந்துவிட்டது. நிறுத்திச் சரிசெய்தான், மறுபடி கலைந்தது. மறுநாள் இங்கே வந்து, இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தான்.

"கையில இருக்கு தம்பி, காதுலதான் இல்லன்னு சொல்லிட்டாங்க மாமா."

இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். காதைப் பற்றி முதலில் பேசியவர் அந்தத் தேர்வாளர். நான் அல்ல.

அவன் கிட்டாரை நீட்டி, "நட்டைக் கொஞ்சம் பாருங்க, மூணாவது கம்பிதான் போகுது," என்றான். என்ன நேர்த்தியான காது பாருங்கள். நேராக அந்தப் பள்ளத்தையே சொன்னான். நான் கிட்டாரை உள்ளே எடுத்துப்போய்ப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வெளியே கொண்டுவந்தேன். "வாசி," என்றேன். வாசித்தான், இழுத்தான், எல்லா விதமாகவும் இழுத்துப் பார்த்தான். சுதி அசையவில்லை.

"இங்க சரியாத்தானே இருக்கு மாப்ள," என்றேன். அந்த நேரத்தில் சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். பல மாதத்துக்குப் பிறகு இரண்டு தட்டு. போகும்போது கோப்பையைக் கழுவவில்லை.

அடுத்த பத்தாவது நாள் வந்தான். அதற்கடுத்த ஒன்பதாவது நாள். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் ஒரு பென்சில் கோடு. அவன் வாசித்துவந்த குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர்தான் தலைவர், பரிகாசக்காரர். "ஏம்ப்பா நூலு, உங்கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்கா இருக்கே," என்று மேடையிலேயே ஒலிவாங்கியில் சொல்லிவிட்டாராம். கூட்டம் சிரித்ததாம். அதைச் சொல்லும்போது இவனும் சிரித்தான். பிறகு என்னிடம், "மாமா, கிட்டார் உங்க கையில சரியா இருக்கு, என் கையில மட்டும் கெட்டுப்போகுது. அப்ப கோளாறு எங்கிட்டதானே?" என்று கேட்டான்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. "சோதிச்சுப் பாப்போம்," என்றேன்.

சோதனை எப்படி என்றால், அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். நான் இரண்டு சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவேன். இரண்டுக்கும் இடையே இழையளவுதான் வித்தியாசம். எது மேலே, எது கீழே என்று அவன் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னான். ஒவ்வொரு முறையும் சரியாகவே சொன்னான். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தடவை கேளு," என்பேன். அவ்வளவுதான். மறுபடி சரியாகச் சொல்வான். "நல்லாக் கேளு." நாலாவது தடவையில் அவனே மாற்றிச் சொல்லிவிடுவான். அப்போது நான், "ம்," என்பேன். நான் பொய் என்று ஒன்று சொன்னதாக நீங்கள் காட்ட முடியாது.

காது மருத்துவரிடமும் போனான். எல்லாம் இயல்பு என்று அறிக்கை கொடுத்துவிட்டார். அதை இந்த மேசையில் விரித்து வைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மெஷின் சத்தம் கேக்குதான்னுதான் பாக்கும் மாப்ள. சுதி கேக்குதான்னு பாக்காது."

இதுவும் உண்மைதான். எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து கடிதம் வந்தது. எடுத்த ஆள் பாதியில் போய்விட்டாராம். தேர்வு வேண்டாம், நேரே வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை இங்கேதான் கொண்டுவந்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய், மறுபடி கைக்கே வந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பான். இவன் கடிதத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினான்.

"போய் அத்தனை பேர் முன்னாடி நின்னு அசிங்கப்படணுமா மாமா?"

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

வர இயலாது என்று பதில் எழுத உட்கார்ந்தான். அவன் பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் எங்கும் வாசிக்கவில்லை. கிட்டாரைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் மாட்டினான். தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு என் பின்னறைக்கு வந்தான். என்னிடம் கிட்டார் கொடுக்கிற ஒருவர் மூன்று தெரு தள்ளி இருக்கிற பெட்டிக் கிடங்கில் மேற்பார்வையாளர். அவரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டை நான் பையில் கட்டிக் கொடுத்தனுப்புவேன். மாலை ஆறேகாலுக்குப் படியில் ஓசை கேட்கும். தாவுவதை விட்டிருந்தான், ஒவ்வொரு படியாக ஏறினான். எனக்கு அது பிடித்திருந்தது. ஓசை கூடுதல் நேரம் கேட்கும்.

காதுக்கு அடைப்பான் செய்து கொடுத்தது நான்தான். நரம்புக்கு ஓய்வு கொடுத்தால் காது தேறி வரலாம் என்று ஒரு நாள் சொன்னேன். வரலாம் என்றுதான் சொன்னேன். குழைவான ஒரு பசையால் அவன் காதில் அச்சு எடுத்து, இரண்டு அடைப்பான் வார்த்து, மூடி வைக்க ஒரு தகர டப்பியும் கொடுத்தேன். கிடங்கில் இரைச்சல் அதிகம், அங்கேயும் போட்டுக்கொள் என்றேன். அங்கே பாரம் தூக்குகிற வண்டிகள் பின்னோக்கி வரும்போது பீப் பீப் என்று எச்சரிக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அவன் சுற்றும் முற்றும் பார்த்து நடக்கிறவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பதினான்கு மாதம் இந்த வீடு வீடாக இருந்தது. இருவருமாகச் சமைத்தோம். விடுமுறை நாளில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீழே தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கதை கட்டுவோம். காதில் அடைப்பான் இருந்ததால் நான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் மெதுவாகக்கூடப் பேச ஆளில்லாதவனுக்கு உரக்கப் பேசுவது சிரமமா என்ன. அவனும் சந்தோஷமாக இருந்தான் என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பு குறைந்திருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளி ஆசிரியையின் கிட்டாருக்கு நான் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தான். காதில் அடைப்பான் இல்லை. நான் கம்பிகளை ஒரு தடவை வருடினேன்.

"மாமா, அதுல ரெண்டாவது கம்பி ஒரு பொட்டு இறங்கியிருக்கு."

சுதி பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இறங்கித்தான் இருந்தது. எனக்கே தெரியாதது, துண்டுக்குள்ளிருந்து அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"இல்லையே, சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"அப்படியா," என்றான். துண்டு தோளில் விழுந்தது. உள்ளே போய் அடைப்பானை எடுத்துப் போட்டுக்கொண்டான். முன்பு பொய் சொல்லவில்லை என்றேனே, இந்த ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றோடு நிறுத்தியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் அன்று பகல் முழுக்க அதைத்தான் நினைத்தேன். சாயங்காலம் அவன் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்ததும் நினைப்பு போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலையில் அவன் சட்டையில் ஒரு நூல் தொங்கியது. அறுக்கப் பிளேடு தேடினான். மேல் இழுப்பறையில் இருக்கிறது என்றேன். அவன் அடுத்த இழுப்பறையைத் திறந்துவிட்டான். தீப்பெட்டி இருந்தது. எதையும் பெயர் எழுதாமல் வைக்கிற பழக்கம் எனக்கில்லை. நாற்பது வருடத் தொழில் ஒழுங்கு. அதன் மேல் என் கையெழுத்தில், ‘நூலு, புதுக் கிட்டார், எலும்பு’ என்று தேதியோடு இருந்தது.

அவன் அதைத் திறந்தான். ஒரு சாண் உயரத்திலிருந்து மேசை மேல் போட்டான். பீங்கான் ஓசை. பிறகு சுவரிலிருந்து கிட்டாரை இறக்கி, மேல் இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, அதன் முனையால் நட்டின் ஓரத்தை லேசாகச் சுரண்டினான். நீங்கள் பார்த்த அந்தக் கீறல் அதுதான். பழுப்புக்கு அடியில் வெள்ளை தெரிகிறதல்லவா.

"மாமா," என்றான்.

"சொல்லு."

"என் காது நல்லாத்தான் இருக்கா?"

ஐயா, அவன் குரலில் கோபம் இல்லை. அடித்திருந்தால், திட்டியிருந்தால், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு சின்னக் கேள்வியைத்தான் கேட்டான். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் அந்தக் கிட்டாரை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிடுவான் என்பது எனக்குத் தெரிந்தது. நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"வேலைக்கு நேரமாகுது பாரு," என்றேன்.

அவன் கிட்டாரை மறுபடி சுவரில் மாட்டினான். நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தான். சாப்பாட்டுப் பையை எடுக்கவில்லை. நான் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன், திரும்பவில்லை. காதில் அடைப்பான் இருக்கிறது, கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

நேற்றுவரை நான் இதை ஒருவிதமாக எனக்குள் அடுக்கி வைத்திருந்தேன். காதில் அடைப்பான், முதுகுப் பக்கமாக வண்டி, ஓசை கேட்கவில்லை, விபத்து, சாவு. அடைப்பானைக் கொடுத்தவன் என்ற அளவில் ஒரு வருத்தம், அதோடு சரி. அவன் பயப்படக்கூட நேரம் இருந்திருக்காது என்பது ஓர் ஆறுதல். இன்று காலையில் நீங்கள் அந்தத் தகர டப்பியை மேசை மேல் வைத்துத் திறந்தீர்கள். சட்டைப் பையில் இருந்ததாகச் சொன்னீர்கள். இரண்டு அடைப்பானும் உள்ளேயே இருந்தன, ஜோடியாக, துடைத்து வைத்தபடி.

எனவே அவன் காது அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. படியில் நான் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. வண்டி பின்னால் வந்த ஓசையும் கேட்டிருக்கிறது. எத்தனை அடி தூரத்தில், எந்தச் சுரத்தில் என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறான்.

அந்த வண்டி ஓட்டுநரை நீங்கள் விட்டுவிட வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன் என்கிறார்கள். ஒலி எழுப்பிக்கொண்டுதான் வந்தேன் என்று அவர் சொல்வது சத்தியம். நிர்வாகம் எழுதிக் கொடுத்த தாளையும் கிழித்துப்போடலாம். என் மைத்துனன் செவிடன் அல்ல. அவன் காதில் ஒரு குறையும் இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துகொண்டே, ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கையும் ஒரு பென்சிலையும் வைத்து, அவனை அவன் காதிலிருந்தே பிரித்தேன். வண்டி கடைசியில் வந்தது, அவ்வளவுதான். எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

காரணம் என்ற இடத்தில் தனிமை என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகப் படித்தாலும் எனக்குப் புரியும். அதை அடித்துவிடுங்கள். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். அவன் அந்தக் கப்பலில் போய், முகம் தெரியாதவர்கள் சாப்பிடும்போது மூலையில் நின்று வாசித்து, வருகிற துறைமுகத்திலெல்லாம் ஒற்றை ஆளாகச் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் நான்தானே. நான் அவனுக்காகத்தான் செய்தேன்.

என் மனைவிக்கும் ஒரு தடவை வேறு ஊரில் வேலை கிடைத்தது. கல்யாணமான ஐந்தாம் வருடம். பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுக்கிற வேலை. அந்தக் கடிதம் அவள் கைக்குப் போகவில்லை, பதில் வரவில்லை என்று அவர்களும் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அது வேறு விஷயம், நீங்கள் அதைக் கேட்கவில்லை. பல வருடம் கழித்து அவளுக்கு எப்படியோ தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வீட்டு வேலைக்கு நடுவில் பாட நேரம் எங்கே என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் போன அன்று மருத்துவமனையில் நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். தம்பி மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். பகல் மூன்று மணி. காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது, நாக்கு குழறியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவனையாவது போக விடுங்க," என்றாள். போக விடாதீங்க என்றுதான் சொல்ல வந்திருப்பாள்.